மணல் டாலர்

மணல் டாலர் என்பது முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்த, தட்டையான வட்ட வடிவுடைய கடல்வாழ் உயிரினமாகும். இது கடல் முள்ளெலிகளுக்கு நெருங்கிய உறவுடையது. தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணைப் பகுதிகளில் காணப்படுகிறது. இறந்தபின் கரை ஒதுங்கும் இதன் வெண்ணிற ஓடு பழைய டாலர் நாணயத்தை ஒத்திருந்ததால் இப்பெயர் ஏற்பட்டது.

உடலமைப்பு

இதன் ஓடு சுண்ணாம்புத் தகடுகள் ஒன்றோடொன்று இணைந்து உருவானது. உயிருடன் உள்ளபோது பழுப்பு அல்லது ஊதா நிறமுடைய குட்டையான முட்கள் ஓட்டை வெல்வெட்டுத் துணி போல் மூடியிருக்கும். மேற்புறத்தில் ஐந்து இதழ்களையுடைய மலர் போன்ற அமைப்பு உண்டு. இது வெறும் அழகுக்கானதன்று. அங்குள்ள நுண்துளைகளின் வழியே வெளிவரும் குழாய்க்கால்களால் இவ்வுயிரி சுவாசிக்கிறது. வாய் அடிப்புறத்தின் நடுவே உள்ளது. அதிலுள்ள ஐந்து பற்களைக் கொண்ட தாடையமைப்பு 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' எனப்படுகிறது.

சில இனங்களின் ஓட்டில் நீள்வட்டத் துளைகள் உள்ளன. எக்கினோடிஸ்கஸ் பிஸ்பெர்ஃபோரேட்டஸ் என்னும் இனத்தில் இவை இரண்டு. முன்னர் எக்கினோடிஸ்கஸ் ஆரிட்டஸ் எனப்பட்ட இனத்தில் இவை ஓரம் வரை திறந்த பிளவுகளாக உள்ளன. நீரோட்டம் உடலைத் தூக்கிச் செல்லாதிருக்க இத்துளைகள் உதவுகின்றன.

வாழ்முறை

மணல் டாலர்கள் முட்களை அசைத்து மணலுக்குள் புதைந்து நகர்கின்றன. மணலில் கலந்துள்ள டயாட்டம்களையும் கரிமத் துகள்களையும் உண்கின்றன. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஓர் இனத்தின் இளம் உயிரிகள், எடையான மணல் துகள்களை விழுங்கி அலையில் நிலைத்து நிற்கின்றன. அவ்வினத்தின் லார்வாக்கள் மீனின் சளியை உணர்ந்ததும் தம்மையே நகலெடுத்துப் பெருகுகின்றன என 2008இல் கண்டறியப்பட்டது.

இனப்பெருக்கம்

ஆண், பெண் உயிரிகள் தனித்தனியானவை. முட்டைகளும் விந்தணுக்களும் நீரில் வெளியிடப்பட்டு அங்கேயே கருவுறுகின்றன. லார்வாக்கள் சில வாரங்கள் மிதந்து திரிந்தபின் மணலில் அமர்ந்து உருமாறுகின்றன.

புதைபடிவங்கள்

அரியலூர்ப் பகுதியின் கிரட்டேசியக் காலப் பாறைகளில் கடல் முள்ளெலிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இன்று கடலுக்குத் தொலைவிலுள்ள அந்நிலம் அக்காலத்தில் கடலடியாக இருந்தது என்பதற்கு இவை சான்றாகும். மணல் டாலர்களின் புதைபடிவங்கள் இதற்குப் பிற்பட்ட காலப் பாறைகளிலேயே காணப்படுகின்றன.

அச்சுறுத்தல்களும் பாதுகாப்பும்

கடலடியை வாரிச் செல்லும் இழுவலைகளில் மீன்களுடன் மணல் டாலர்களும் சிக்குகின்றன. அலங்காரப் பொருளாக விற்பதற்கும் இவை சேகரிக்கப்படுகின்றன. 1986இல் அமைக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் அனுமதியின்றி உயிரினங்களை எடுப்பது குற்றமாகும். கரையில் காணப்படும் ஒன்று வெண்மையாக, முட்களின்றி இருந்தால் அது இறந்த ஓடு. நிறத்துடன் முட்கள் அசைந்தால் அது உயிருள்ளது. நீருக்கு வெளியே அது நெடுநேரம் வாழாது என்பதால் மீண்டும் நீரில் விடப்பட வேண்டும்.