கம்பி வராத வீடும் விண்கலமும்

வானம் தெளிந்த நாள்களில் கீழ்த்திசையில் ஒரு தீக்கோடு எழுந்து, வளைந்து, சிறு புள்ளியாகி மறையும் காட்சி திருப்பதி வாழ் மக்களுக்குப் புதிதன்று. சூலூர்ப்பேட்டை ரயில் நிலையத்திற்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் முதல் ராக்கெட் எழுந்தது. 1980 ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோளும், 2023 ஜூலை 14இல் சந்திரயான்-3 கலமும் அங்கிருந்தே புறப்பட்டன. ராக்கெட் ஏவப்படுமுன் அறிவியலறிஞர்கள் அதன் சிறு மாதிரியைத் திருமலைக்குக் கொண்டுவந்து வேங்கடவன் திருமுன் வைத்து வணங்கும் வழக்கத்தையும் நாம் அறிவோம். 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமானபோது ஸ்ரீஹரிகோட்டாவும் அதனுள் வந்தது. ஆகவே விண்வெளிச் செய்தி நமக்கு அடுத்த ஊர்ச் செய்தியே ஆகும்.

அச்செய்தியை நாம் படிக்கிறோம், மகிழ்கிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். ஆனால் மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் எட்டாத இடத்தில் மனிதன் எவ்வாறு வாழ்வது என்னும் கேள்விக்கு இன்று மிகக் கண்டிப்பான விடை கூறுவது விண்கலமே. அவ்விடை நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றுக்கு உடனே வேண்டியதாக இருக்கிறது.

காரணம் வெளிப்படை. பிழைப்பை நாடி இடம் பெயர்ந்து வந்த நம்மவருள் சிலர், சேமிப்பைக் கொண்டு பலமனேர், குப்பம் பக்கங்களில் மானாவாரி நிலம் வாங்கி, ஓய்வுக் காலத்தில் அங்கே வீடு கட்டிக் குடியேற எண்ணுகின்றனர். நிலம் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், மின்கம்பம் தொலைவில் நிற்பதும், ஆயிரம் அடி துளைத்தும் ஆழ்துளைக் கிணற்றில் நீர் காணாமற் போவதுமே. வேறு சிலரின் பிள்ளைகள் இராஜஸ்தானத்துப் பாலைவனத்துச் சூரிய மின் பண்ணைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். இவ்விரு சாராரும் முதலில் கேட்கும் கேள்வி, “எத்தனை சோலார் தகடு வாங்கலாம்?” என்பது. கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவன்று. “ஒரு நாளைக்கு நமக்கு எவ்வளவு வேண்டும்?” என்பதே முதற் கேள்வி.

விண்வெளி நிலையத்தைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் மனிதர் இடைவிடாது வாழ்ந்து வரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், ஒருவருக்குக் குடிக்கவும் உணவுக்கும் தூய்மைக்குமாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் நீரே கணக்கு. மூச்சில் வெளிப்படும் ஈரத்தையும், வியர்வையையும், சிறுநீரையும் தூய்மை செய்து மீண்டும் குடிநீராக்குகின்றனர். இவ்வாறு 98 விழுக்காடு நீரை மீட்டெடுக்க முடிந்தது என்று 2023ஆம் ஆண்டில் நாசா அறிவித்தது. 2025 ஜூன், ஜூலை மாதங்களில் அந்நிலையத்தில் தங்கித் திரும்பிய நம் நாட்டு விமானப்படை வீரர் சுபான்ஷு சுக்லாவும் இந்தக் கணக்கிற்குள்தான் வாழ்ந்தார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு குடம் நீர் எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று எழுதிவைக்கும் வழக்கம் நமக்கும் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐவர் கொண்ட ஒரு குடும்பம். சிற்றூர்க் குடிநீர்த் திட்டங்களில் அரசு கொள்ளும் அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐவருக்கு 275 லிட்டர். வீட்டுக் கூரை 100 சதுர மீட்டர் என்றும், ஆண்டு மழை 700 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். கூரையில் விழுவது 70,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என விட்டால் மிஞ்சுவது 56,000 லிட்டர். இது ஏறக்குறைய 200 நாள்களுக்குப் போதும். எஞ்சிய 165 நாள்களுக்கு என்ன வழி என்பதை நிலம் வாங்குமுன் சிந்திப்பவரே அறிவாளி.

அதே கூரையை ஜெய்சால்மர்ப் பாலைவனத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 200 மில்லிமீட்டர். கையில் நிற்பது 16,000 லிட்டர். நம் கணக்கில் இது இரண்டு மாதத்திற்கும் காணாது. ஆனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒருவருக்கு 8 லிட்டர் என ஒதுக்கினால், அதே நீர் 400 நாள் வரும்! தார்ப் பாலைவனத்து மக்கள் இவ்வுண்மையைப் பன்னெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். ‘டாங்கா’ எனப்படும் நிலத்தடித் தொட்டியை வீட்டருகே வெட்டி, அதைச் சூழ்ந்த தரையைச் சரிவாக்கித் தூய்மையாக வைத்து, மழைநீரை அதில் இறக்கி மூடிக் காப்பர். குடிநீர் வேறு, புழங்குநீர் வேறு என்னும் பிரிவினையே அவர்தம் வாழ்வின் அடிப்படை. விண்வெளி நிலையத்தாரும் பாலைவனத்துப் பாட்டியும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள் போலும்!

நீர் தீர்ந்தால் வெளியிலிருந்து கொண்டுவரலாமே என்பர் சிலர். அதன் பாரத்தை இருப்புப்பாதைப் பணியிலுள்ள நாம் அறிவோம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜூலை 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 தொட்டி வண்டிகள். மொத்தம் 25 லட்சம் லிட்டர். பெருநகரத்திற்காக ரயில் ஓடும். பலமனேரிலிருந்து உள்ளே போகும் மண்சாலையின் முடிவில் நிற்கும் ஒற்றை வீட்டிற்கு எந்த ரயிலும் ஓடாது. தண்ணீர் லாரிக்காரர் சொல்லும் விலைதான் விலை.

இனி மின்சாரத்திற்கு வருவோம். இங்கும் பலர் கண் தகட்டின்மேல் செல்கிறது; இரவின்மேல் செல்வதில்லை. பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறக்குறைய 90 நிமிடத்திற்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. பெரும்பாலான சுற்றுகளில் அரைமணி நேரத்திற்கு மேல் பூமியின் நிழலில் இருளடைகிறது. எத்துணைப் பெரிய தகடுகள் இருந்தும், அவ்விருளில் உயிர் காப்பது பாட்டரியே. சந்திரயான்-3 வரலாறும் இதையே உரைக்கிறது. 2023 ஆகஸ்ட் 23இல் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய விக்ரம், சூரிய ஒளியால் 738 வாட் மின்சாரம் ஆக்க வல்லது. நிலவின் ஒரு பகல் நமக்கு 14 நாள். அந்தப் பகல் முழுதும் அது தன் கடமையைச் செவ்வனே செய்தது. பின் இரவு வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் துயிலில் ஆழ்த்தப்பட்ட கலம், சூரியன் மீண்டும் எழுந்தபோது எழவில்லை. நிலவின் கடுங்குளிரைத் தாங்க அது அமைக்கப்படவில்லை என்பதை அதை அமைத்தோர் முன்பே அறிந்திருந்தனர். நம் வீடோ, இரவைத் தாண்டி மறுநாளும் எழ வேண்டிய வீடு.

நம் வீட்டு இரவைக் கணக்கிடுவோம். 9 வாட் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம் எரிய 180 வாட்-மணி. 30 வாட் வாங்கும் புதுவகை மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம் சுழல 600 வாட்-மணி. கைப்பேசி, வானொலிக்கு 70. ஆக 850. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு பாட்டரியின் முழுக் கொள்ளளவு 1,800 வாட்-மணி. ஈய-அமில பாட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் குன்றும். எனவே நாம் எடுக்கத்தக்கது 900 மட்டுமே. ஒரு நாளைக்குச் சரியாகும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் மேகம் மூன்று நாள் மூடினால்? மூன்று பாட்டரி வேண்டும். மேகமூட்ட நாள்களில் ஒரு விசிறியை நிறுத்திவிடுவது என்று வீட்டார் உடன்பட்டால், இரண்டே போதும். மனவுறுதி ஒரு பாட்டரியின் விலைக்குச் சமமாகிறது!

இதில் மற்றொன்றும் காண்க. 75 வாட் வாங்கும் பழைய விசிறிகளையே வைத்திருந்தால், விசிறிக் கணக்கு மட்டும் 1,500 ஆகிவிடும். ஆகவே தகட்டைப் பெருக்குவதைவிட விசிறியை மாற்றுவதே மலிவு. தெளிந்த வெயிலில் 1,000 வாட் தகடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும் என்பதால், மேற்சொன்ன வீட்டிற்கு 300 முதல் 400 வாட் தகடு போதுமானது. விற்பவர் கூறும் அளவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை நமக்கு அயலானதும் அன்று. பழைய ரயில் பெட்டிகளின் அடியில், சக்கர அச்சின் சுழற்சியால் மின்சாரம் ஆக்கும் பொறியும் பாட்டரியும் உண்டு. வண்டி ஓடும்போது பாட்டரி நிறையும். நிலையத்தில் நிற்கும்போது அந்தப் பாட்டரியே விளக்கெரிக்கும். கம்பியில்லா வீட்டை இத்தனை காலமும் நாம் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு கண்டு வந்திருக்கிறோம்.

அடுப்பைப் பற்றியும் ஒரு சொல். திருமலையில் 2002ஆம் ஆண்டில் 106 வளைவு ஆடிகளைக் கூரைமேல் நிறுத்தி, சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கி, நாள்தோறும் ஏறக்குறைய 15,000 பேருக்கு உணவு சமைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அப்பெரும் ஏற்பாட்டிலும் டீசல் கொதிகலனை அகற்றிவிடவில்லை. அதனோடு இணைத்தே வைத்தனர். மாற்று வழி ஒன்றில்லாமல் வெயிலை மட்டும் நம்பலாகாது என்பதே அதன் பொருள். வீட்டில் ஒரு கேஸ் சிலிண்டரோ, விறகடுப்போ துணைக்கு இருக்கட்டும்.

இவ்வளவும் தாளில் எழுதினால் போதுமா? போதாது, ஒத்திகை வேண்டும். நிலவுக்கும் செவ்வாய்க்கும் செல்ல எண்ணுவோர் முதலில் பூமியின் பாலைகளில் வாழ்ந்து பார்க்கின்றனர். அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் 2001 முதல் அத்தகைய நிலையம் ஒன்று உண்டு. நம் நாட்டில் 2024 நவம்பரில் லடாக்கின் லே நகரத்தில் அம்முயற்சி தொடங்கிற்று. 2025 ஆகஸ்டில் சோ கார் ஏரிப் பகுதியில், 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், இருவர் பத்து நாள் அடைபட்டிருந்து சோதனை நடத்தினர். நாமும் செய்யலாம். இருக்கும் வீட்டிலேயே ஒரு வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை மெயின் சுவிட்சை அணைத்து, குழாயை மூடி, அளந்து வைத்த நீரிலும் ஒரு பாட்டரியிலும் வாழ்ந்து பாருங்கள். குழந்தைகள் எதைக் கேட்டு அழுகின்றனர், முதியோர்க்கு எது இன்றியமையாதது, எந்த மருந்து குளிர்ப்பெட்டியில் இருந்தாக வேண்டும் என்பன அப்போது விளங்கும். நிலத்திற்கு முன்பணம் கொடுக்குமுன் இம்மூன்று இரவுகளைக் கழித்துவிடுவது நன்று.

இறுதியாக ஒன்று. 1970 ஏப்ரலில் நிலவை நோக்கிச் சென்ற அப்போலோ-13 கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. மூவர், இருவருக்கென அமைந்த சிறு இறங்குகலத்தில் தங்கினர். மின் செலவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தனர். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் நீரே என வரையறுத்துக் குளிரில் நடுங்கினர். ஏப்ரல் 17இல் உயிருடன் மீண்டனர். அவர்களைக் காத்தவை சிக்கனமும், அந்த நான்கு நாளும் கீழேயிருந்து இடைவிடாது வழிகாட்டிய நூற்றுக்கணக்கானோரின் உழைப்புமே.

ஆகவே கம்பியை விட்டு விலகி வாழலாம். மனிதரை விட்டு விலகி வாழலாகாது. அடுத்த தோட்டத்துக்காரரின் பெயரும், அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஆகும் நேரமும், பாட்டரியைப் பார்க்கத் தெரிந்தவரின் எண்ணும் உங்கள் கணக்கேட்டின் முதற் பக்கத்தில் இருக்கட்டும். தொலைவிலுள்ள பிள்ளைகளுக்கும் இதையே எழுதுங்கள். நீரை அளப்பவனுக்குப் பாலையும் ஊராகும். அளவாதவனுக்கு ஆற்றங்கரையும் பாலையாகும். அளந்து வாழ்வோம், கூடி வாழ்வோம்.