தேய்ந்த சக்கரக் குடத்தை அறிவதும் மாற்றுவதும்

1985ஆம் ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபின், பெருநிலத்திலிருந்து காரிலேயே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் சென்று திரும்புவது எளிதாயிற்று. நம் தோட்டக் குடும்பங்களில் வளர்ந்தோர் பலரும் அவ்வாறு சென்று வருகின்றனர். சிக்கனம் கருதிப் பழைய கார்களை ஓட்டுவோரும் அவர்களுள் உளர். பழைய காரில் நாம் எளிதில் கவனியாது விடும் உறுப்பு ஒன்று உண்டு. அதுவே சக்கரத்தின் குடம்.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவே குடம் இருப்பதை நாம் அறிவோம். காரின் குடத்தைப் பட்டறைகளில் 'ஹப்' என்பர். அது பேரிங்கின் துணையால் சுழல்கிறது. வண்டி அச்சுக்கு மையிடுவதுபோலப் பேரிங்கிற்குக் கிரீஸ் இடப்படுகிறது. நீரும் மண்ணும் உட்புகாதவாறு 'சீல்' என்னும் வளையம் காக்கிறது. அது பழுதுற்றாலோ, 2017 நவம்பரில் பினாங்கில் நேர்ந்தது போன்ற வெள்ளத்தில் சக்கரங்கள் மூழ்கினாலோ, கிரீஸ் கெட்டுப் பேரிங் தேயத் தொடங்கும்.

தேய்மானத்தின் முதல் அறிகுறி ஓசையாகும். வேகம் கூடக்கூட 'உம்' என்ற இரைச்சலும் கூடும். வலப்புறம் திரும்புகையில் காரின் பாரம் இடச்சக்கரத்தின்மேல் சாய்கிறது. அப்போது இரைச்சல் மிகுந்தால், பெரும்பாலும் இடப்புறப் பேரிங்கே தேய்ந்திருக்கும். பயணத்திற்குப்பின் ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் மிகுந்து சூடேறியிருப்பதும் ஓர் அறிகுறியாகும். எனினும், பிரேக் இறுகிப் பிடிப்பதாலும் இச்சூடு உண்டாகலாம்.

சோதிக்க வேண்டுமாயின் காரைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கியும் வைக்க வேண்டும். பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் கைகளால் பற்றி அசைத்துப் பார்க்கலாம். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைக்க வேண்டும். ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில் உள்ளது. நில்லாவிடில் வேறு மூட்டுகளைப் பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது கரகரப்பு உணரப்படுவதும் தேய்மானத்தைக் காட்டும்.

1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில், முன் பேரிங்கை அழுத்து எந்திரங்கொண்டு பொருத்துவதே முறை. சுத்தியலால் அடித்தால் புதிய பேரிங்கும் கெடும். ஆகவே இப்பணியைப் பட்டறையிடம் விடுவதே நன்று. பேரிங்கை மாற்றும்போது சீலையும் புதிதாக இட வேண்டும். கழற்றிய பிளவு ஊசியை மீண்டும் பயன்படுத்தலாகாது. மாட்டுவண்டியின் கடையாணியைப் போன்று மரையைக் கழலாமல் காப்பது அதுவே. மரையைக் கார் நிறுவனக் கையேடு கூறும் அளவுக்கே இறுக்க வேண்டும்.

பேரிங்கின் வெளிவளையம் குடத்தினுள் தளர்ந்து சுழன்றிருந்தாலோ, குடத்தில் விரிசல் காணப்பட்டாலோ, பேரிங்கை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. குடத்தையும் மாற்றியே ஆக வேண்டும். இரைச்சல் எழுந்தவுடன் கவனித்தால் பேரிங்கின் விலையோடு செலவு முடியலாம். காலந்தாழ்த்தினால் குடமும் கெடும். ஓடும்போதே சக்கரம் கழன்று உயிருக்கே ஊறு நேரவும் கூடும். கடல்மேல் நீண்டு செல்லும் பாலத்தின் நடுவே அந்நிலை நேராமல் காப்பது நம் கையில்தான் உள்ளது.