பெகோனியாவைக் கொன்றது வெயில் இல்லை

பாகூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நெல்லும் உளுந்தும் போடுகிறவன் நான். பூந்தொட்டி என்றாலே எனக்கு ஒரு இளக்காரம் உண்டு. போன வருஷம் மாசி மாதம் மருமகள் நர்சரியில் ஒரு பெகோனியா வாங்கி வந்து தேங்காய்த்திட்டு வீட்டுத் திண்ணையில் வைத்தாள். மெழுகு பூசினாற்போல் இலை, கொத்தாக ரோஸ் நிறப் பூ. "மாமா, நீங்கதான் விவசாயி. இதைப் பாத்துக்குங்க" என்றாள்.

பங்குனி முடிவதற்குள் செத்துப்போச்சு. வெயில் தாங்கலைன்னு எல்லாரும் சொன்னாங்க. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வேர் பழுத்துக் கூழாகிக் கிடந்தது. வாடுதே என்று இரண்டு வேளையும் போர் தண்ணீர் ஊற்றியது நான். வயலுக்குக் கொடுக்கிற கணக்கில் ஜீவாமிர்தம் விட்டதும் நான்தான்.

இந்த வருஷம் மறுபடி ஒன்று வாங்கினோம். கத்திரி வெயிலிலும் அது பூத்தது.

பெகோனியா வெப்பமண்டலக் காட்டுச் செடி. மர நிழலில், பாறை இடுக்கில் வளருவது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதன் இனங்கள் உண்டு. (பெயர் மிஷேல் பெகோன் என்ற பிரெஞ்சு அதிகாரியுடையது, புதுச்சேரிக்காரனுக்கு அந்நியமில்லை!) கடற்கரை வெக்கைக்கு மெழுகு இலை வகைதான் சரி. பெரிய அடுக்குப் பூ பூக்கும் கிழங்கு வகை மலைக் குளிருக்கு உரியது, ஆசைப்பட்டு வாங்காதீங்க.

நர்சரிச் செடி பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில்தான் வரும். அது ஒரு தரம் நன்றாகக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீரைக் குடிக்காது. அதனால் வந்த அன்றே பத்து நிமிஷம் வாளித் தண்ணீரில் தொட்டியை அமிழ்த்தி எடுத்தேன். ஒரு வாரம் நிழல். பிறகு செம்மண், மணல், மண்புழு உரம் கலந்து ஒரு சுற்றுப் பெரிய மண்தொட்டிக்கு மாற்றினேன். இடம் கிழக்குத் திண்ணை. எட்டரை மணி வரை இளவெயில், அப்புறம் முருங்கை நிழல்.

தண்ணீர்தான் முக்கியம். மத்தியானம் இலை தொங்கும். உடனே சொம்பைத் தூக்கக் கூடாது. விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தால் அது வெக்கைச் சோர்வு, சாயங்காலம் கடல்காத்து வந்ததும் தானே நிமிர்ந்துவிடும். காய்ந்திருந்தால் மட்டும், இலையில் படாமல் அடியில், கீழ்த் துளை வழியே வடியும்வரை ஊற்றுங்க. வடிந்த தண்ணீரைத் தட்டில் தேங்க விடாதீங்க.

எங்க ஊர் கழிமுகத்தை ஒட்டியது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு. தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படியும், இலை நுனி கருகும். ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்து வைத்தோம். அது தீர்ந்ததும் வயலில் இருந்து கேனில் கொண்டு வந்தேன். ஊரே சிரிச்சுது.

பஞ்சகவ்யம் வயலுக்கு லிட்டருக்கு 30 மில்லி என்றால் இதற்குப் பாதி, பதினைந்து நாளைக்கு ஒரு முறை. மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, பொழுது சாய்ந்த பிறகு தெளிப்பு. வாடிய பூவை அன்றன்றே கிள்ளணும். பெண் பூவின் பின்னால் மூன்று இறக்கையோடு காய் தெரியும்; அதையும் எடுத்துவிட்டால் பலம் விதைக்குப் போகாது. உயரமாகப் போகும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டு அதில் மொட்டு வரும். உண்மையைச் சொன்னால் கத்திரியில் பூ குறைந்தது. நிற்கவில்லை, அவ்வளவுதான்.

கிள்ளிய நுனிகளில் நான்கை ஈர மணலில் ஊன்றினேன். மூன்று வேர் பிடித்தது. ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கு. ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துறாங்களாம். நாளைக்குப் போய்ச் சொல்லணும்.