பழைய மினிக்கு எந்தச் சக்கரம்?

மிஸ்டர் பீன் தொடரில் வந்த பச்சை மினியை எல்லாரும் பார்த்திருப்போம். அந்தக் காரின் சக்கரம் ஏன் அவ்வளவு சின்னது என்று தெரிந்துகொண்டால், அதற்கு வேறு சக்கரம் மாட்டும் விஷயம் பாதி புரிந்துவிடும்.

1959-இல் வெளிவந்த மினியை அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தபோது, காரின் மொத்த நீளமே பத்தடிதான். அதற்குள் நான்கு பேர் உட்கார வேண்டும். சக்கரம் பெரிதானால் அதன் மேல்வளைவு கால் வைக்கும் இடத்தைத் தின்றுவிடும். அதனால் 10 அங்குல ரிம் போதும் என்று முடிவு செய்தார். அதற்கான டயரை டன்லப் நிறுவனம் செய்து கொடுத்தது. ஆக, மினியில் சக்கரத்தின் அளவு காரின் கணக்கோடு பிணைந்தது. அதை மாற்றினால் வேறு நான்கு விஷயங்கள் அசையும்.

முதலில் பார்க்க வேண்டியது பிரேக். 1984-க்குப் பிறகு வந்த மினிகளில் 12 அங்குலச் சக்கரமும், முன்பக்கம் 8.4 அங்குல டிஸ்க்கும் இருக்கும். அந்த டிஸ்க்கின் மேல் 10 அங்குல ரிம் ஏறாது. பழைய தோற்றம் வேண்டும் என்று சின்னச் சக்கரத்துக்குத் திரும்ப நினைப்பவர், மினியின் வேக வகையான பழைய கூப்பர் எஸ் காரில் இருந்த 7.5 அங்குல டிஸ்க்குக்கு மாற வேண்டியிருக்கும். சக்கரம் வாங்கிய பிறகு இது தெரியவந்தால் செலவு இரட்டிப்பு.

அடுத்தது போல்ட் வட்டம். மினிக்கு நான்கு ஸ்டட்; அவற்றின் மையங்கள் வழியாக வரையும் வட்டத்தின் விட்டம் 101.6 மில்லிமீட்டர், அதாவது நான்கு அங்குலம். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் இது 100 மில்லிமீட்டர். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கையால் தள்ளினால் ஏறுவது போலக்கூட இருக்கும். ஆனால் நட்டு சாய்வாக உட்காரும், ஸ்டட் வளையும். ‘கிட்டத்தட்டப் பொருந்துகிறது’ என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

இனி டயர். பக்கவாட்டில் 165/60 ஆர் 12 என்று எழுதியிருந்தால், அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், ரிம் 12 அங்குலம். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பக்கச்சுவர் 99 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக 198. ரிம் 305. மொத்த உயரம் 503. இதே கணக்கில் 145/80 ஆர் 10-க்கு 486 வரும், 145/70 ஆர் 12-க்கு 508, 175/50 ஆர் 13-க்கு 505. ரிம் 10-இலிருந்து 13-க்குப் போனாலும் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. ரிம் வளர வளர ரப்பர்தான் குறைகிறது. 486-இலிருந்து 508-க்குப் போனால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 62-ஐத் தாண்டும். பெரிய ஆபத்து இல்லை, நினைவில் வைத்தால் போதும்.

ரப்பர் குறைவதுதான் எனக்குப் பிடிக்காத இடம். மினியின் சஸ்பென்ஷனில் கம்பிச்சுருளுக்குப் பதில் ரப்பர் கூம்புகள் இருக்கின்றன. இயல்பிலேயே விறைப்பு. அதோடு 13 அங்குல ரிம்மும் மெல்லிய டயரும் சேர்ந்தால், சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்குச் செய்தி அனுப்பும். படத்தில் அந்தக் கார் அட்டகாசமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 1964-இல் பேடி ஹாப்கிர்க் மினியை ஓட்டி மான்டே கார்லோ ராலியை வென்றது 10 அங்குலச் சக்கரத்தில்தான்.

அகலத்தில்தான் பலரும் சிக்குகிறார்கள். 4.5 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 6 அங்குலம் போட்டால் கூடுவது 38 மில்லிமீட்டர். நடுப்பகுதி அதே இடத்தில் இருந்தால் உள்ளே 19, வெளியே 19. உள்ளே சஸ்பென்ஷனும் ஸ்டியரிங் பாகங்களும் இருப்பதால் அங்கே அவ்வளவு இடம் கிடையாது. எனவே ரிம் செய்பவர்கள் நடுத்தகட்டை நகர்த்தி, கூடுதல் அகலத்தின் பெரும்பகுதியை வெளிப்பக்கம் தள்ளுகிறார்கள். இந்தக் கணக்குக்குத்தான் ஆஃப்செட் என்று பெயர். சக்கரம் வெளியே போகப் போக ஸ்டியரிங் கனக்கும். முன்சக்கரங்களே காரை இழுப்பதால் மேடுபள்ளத்தில் கையைப் பிடித்து இழுக்கும். பேரிங்கும் சீக்கிரம் தேயும். டயர் மட்கார்டுக்கு வெளியே தெரிந்தால் பிரிட்டனில் சட்டமும் குறுக்கே வரும். அகல ரிம் போட்ட மினிகளின் மட்கார்டில் ஒட்டுவளைவு இருப்பது அதனால்தான். சாலையில் ஓட்டத்தான் கார் என்றால் 12-க்கு 5 அங்குல ரிம்மோடு நிறுத்திக்கொள்வேன்.

ரிம் பழையதா புதியதா என்பதும் முக்கியம். அறுபதுகளில் புகழ்பெற்ற மினிலைட் சக்கரங்கள் மக்னீசியத்தில் வார்த்தவை. எடை குறைவு, ஆனால் மக்னீசியம் அரிக்கும், வயதானால் விரிசல் விடும். அசல் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அப்படியே மாட்டாமல், விரிசல் சோதனை செய்து பாருங்கள். அலுமினிய அலாய் நகல்கள் போதுமான அழகு.

டயரின் வயதும் பக்கவாட்டிலேயே இருக்கும். நான்கு இலக்கம் தேடுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அரிதாக ஓடும் காரில் பள்ளம் தேயாமலே ரப்பர் கெட்டுப்போகும். ரேடியல் டயரையும் பழைய கிராஸ் பிளை வகை டயரையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது.

மாட்டும்போது, சக்கரம் உட்காரும் ஹப்பின் முகத்தில் துருவைச் சுரண்டி எடுங்கள். அலாய்க்குரிய நட்டையே பயன்படுத்துங்கள். இரும்பு ரிம்மின் நட்டு அதற்குப் பொருந்தாமல் போகலாம். மினியின் ஸ்டட்டின் விட்டம் 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர்தான்; அதனால் நட்டு குறைந்தது ஒன்பது சுற்றாவது ஏற வேண்டும். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் தகடு வைத்தால் இந்தச் சுற்று குறையும், நீளமான ஸ்டட் வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஜாக்கியால் சஸ்பென்ஷனை அழுத்தி, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். நட்டுகளை எதிரெதிராக, பட்டறைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, எண்பது கிலோமீட்டர் ஓட்டிய பின் ஒருமுறை மறுபடி சரிபாருங்கள்.