ஓடும் சக்கரமும் தாவும் உடலும்: படுக்கையிலிருந்து வரையப் பழகுவோருக்கு

நீண்ட நாள் சிகிச்சையில் இருப்போரிடம் ஒரு தாளையும் பென்சிலையும் தந்து, விரும்பியதை வரையுங்கள் என்று சொன்னால், காஞ்சிபுரத்தில் கோபுரமும் அன்னமும் தாழம்பூக் கரையுமே தாளில் தோன்றும் என வெளியூரார் எண்ணக்கூடும். நாங்கள் காண்பது வேறு. பதின்வயதினர் பந்தய மோட்டார் சைக்கிளை வரைகின்றனர். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பகுதித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் இளைஞர்கள் விபத்தில் அடிபட்டு வந்து படுத்திருக்கையில் காரை வரைகின்றனர். அறுபது வயது கடந்த நெசவாளர்கூட மட்டையை ஓங்கி நிற்கும் கிரிக்கெட் வீரரையோ, சடுகுடுவில் கோட்டைத் தொடப் பாய்பவரையோ வரையத் தொடங்குகிறார். அசைவற்றுக் கிடக்க நேர்ந்தவரின் மனம் அசைவையே நாடுகிறது போலும்.

ஆனால் தொடக்க நிலையினருக்கு மிகக் கடினமான இரண்டு பொருள்கள் உண்டென்றால், அவை சக்கரமும் இயங்கும் மனித உடலுமே. முதல் நாள் ஆர்வத்துடன் தொடங்கியவர் மறுநாள் தாளைச் சுருட்டி எறிவதற்கு இதுவே காரணம். கையில் வலுக்குறைந்தவராயின், தம் கை இனி உதவாது என்ற முடிவுக்கே வந்துவிடுகிறார். வரைபொருளின் கடினத்தைக் கையின் மீது ஏற்றிச் சொல்லும் அந்த முடிவு தவறானது. அதைத் தடுக்கும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மருத்துவர்களுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். சென்னையின் ஓவியப் பள்ளியை 1850ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. ஓடும் மனிதனின் உடல் ஒவ்வொரு கணத்திலும் எவ்வாறு வளைகிறது என்பதை 1880களில் ஒளிப்படங்களாகப் பதிவு செய்த பிரான்சு நாட்டு எத்தியேன் ஜூல் மாரே மருத்துவம் பயின்ற உடலியங்கியல் அறிஞர். நோயாளர் பக்கத்திலும் சான்றுகள் உள்ளன. வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஆன்றி மத்தீஸ், 1890இல் குடல்வால் அழற்சியினால் படுத்திருந்தபோது தாய் வாங்கித் தந்த வண்ணப் பெட்டியைக் கொண்டே முதன்முதலில் ஓவியம் தீட்டினார். மெக்சிகோவின் பிரீடா காலோ 1925ஆம் ஆண்டுப் பேருந்து விபத்துக்குப் பின், படுத்தபடியே வரைவதற்கெனச் செய்யப்பட்ட தாங்கியில் தீட்டிப் பழகினார். இவர்கள் மேதைகள், நமக்கு அவ்வளவு வேண்டா. ஒரு கார் கார் போலத் தெரிந்தால் போதும்.

முதலில் காரை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோர் முதலில் மேற்கூரையையும் விளக்குகளையும் வரைந்துவிட்டு, எஞ்சிய இடத்தில் சக்கரங்களைத் திணிக்கின்றனர். இதைத் தலைகீழாக்க வேண்டும். தரைக்கோடு ஒன்றை இழுத்து, அதன்மேல் ஒரு சக்கரத்தை வட்டமாக இடுங்கள். அந்த வட்டமே உங்கள் அளவுகோல். பக்கவாட்டில் பார்க்கும் சாதாரணக் காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறக்குறைய மூன்று சக்கரங்கள் அடங்கும் இடைவெளி இருக்கும். காரின் உயரம் ஏறக்குறைய இரண்டு சக்கர உயரம். உயரத்தைச் சிறிது குறைத்து உடலை நீட்டினால் அதுவே விளையாட்டுக் கார் ஆகிவிடும். கூரையற்ற ஃபார்முலா பந்தயக் காரில் இடைவெளி நான்கு சக்கரம் வரை நீளும். உடலோ சக்கரத்தின் உயரத்தைச் சிறிதளவே தாண்டும். 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் நம் ஊரிலிருந்து தொலைவில்லை. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயனின் கார்ப் படமொன்று கிடைத்தாலும், மேற்சொன்ன கணக்கை அதில் அளந்து பார்க்கலாம்.

சற்றே சாய்வாகப் பார்க்கும்போது சக்கரம் வட்டமாக இராது. முட்டையைப் போலக் கூர்ப்பும் இராது. இருபுறமும் ஒரேபோல் வளைந்த நீள்வட்டமாகத் தெரியும். தட்டை நேரே பிடித்துப் பாருங்கள், பின் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உணவு வேளையில் செய்யத் தக்க பயிற்சி இது. காஞ்சியில் பிறந்தோர் இதை அறியாதவரல்லர். தேர் நிலையிலிருந்து புறப்பட்டு மாட வீதியில் திரும்புகையில் அதன் பெருஞ்சக்கரங்கள் வட்டத்திலிருந்து நீள்வட்டமாக ஒடுங்குவதைப் பிள்ளைப் பருவம் முதல் பார்த்திருக்கிறோம். அச்சு எத்திசையில் செல்கிறதோ, அதற்குச் செங்குத்தாகவே நீள்வட்டத்தின் நீண்ட பக்கம் அமையும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் வண்டி தரையில் நிற்கும். விட்டால் கவிழ்வது போலத் தோன்றும்.

கை நடுங்குவோர் வட்டத்தை ஒரே இழுப்பில் முடிக்க முயல வேண்டா. விரலால் அன்றி முழங்கையையும் தோளையும் அசைத்து, மெல்லிய கோடாக நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். அவற்றுள் சரியானதைப் பின்னர் அழுத்திக்கொள்ளலாம்.

நெசவாளக் குடும்பத்தினருக்கு மற்றவரிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. சேலைக்கான புட்டாவையும் கரையையும் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளையிடும் வேலை இவ்வூரில் பலருக்கும் பழக்கம். கட்டத்தை எண்ணி உருவத்தைப் பிடிக்கும் அதே அறிவு இங்கும் செல்லும். செய்தித்தாளில் வந்த மோட்டார் சைக்கிள் படத்தின் மேல் ஒரு விரல் அகலக் கட்டங்கள் இடுங்கள். வெற்றுத்தாளில் இரண்டு விரல் அகலக் கட்டங்கள் இடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கோட்டை மட்டும் எடுத்து எழுதுங்கள். இது ஓவியமாகாது, நகல்தானே என்பாரும் உண்டு. கண்ணுக்கும் கைக்கும் மீண்டும் உறவு ஏற்படுத்த இதைவிட எளிய வழியை நாங்கள் அறியோம்.

விளையாட்டு வீரரை வரைவது வேறு கலை. மாமல்லபுரம் சிற்பிகள் இன்றும் பின்பற்றும் தாள முறையில் முகத்தின் நீளமே அலகு. ஒரு தாளம் 12 அங்குலம். நவதாள உருவம் ஒன்பது தாளம், அதாவது 108 அங்குலம். இங்கே அங்குலம் என்பது அளவுகோலில் உள்ளதன்று; உருவத்துக்கேற்ப மாறும் பகுப்பு. மேலைநாட்டுப் பள்ளிகள் முழுத் தலையை அலகாகக் கொண்டு, நிற்கும் மனிதனை ஏழரைத் தலை உயரம் என்று கற்பிக்கின்றன. எதைக் கைக்கொண்டாலும் ஒன்றுதான். தொடக்க நிலையினர் தலையைப் பெரிதாகவும் காலைக் குட்டையாகவும் வரைவர். அந்தப் பிழை நீங்கினாலே பாதி வேலை முடிந்தது.

மறுபாதி இயக்கம். முகம், உடை, எண் பொறித்த சட்டை எல்லாவற்றையும் மறந்து, தலை உச்சியிலிருந்து ஊன்றிய கால் வரை ஒரே வளைகோடு இழுத்துப் பாருங்கள். பந்து வீசுபவருக்கு அது வில். ஓடத் தொடங்குபவருக்குச் சாய்கோடு. அதன் குறுக்கே தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு. எடை ஒரு காலில் விழும்போது இவ்விரண்டும் எதிரெதிராகச் சாயும். இணையாக வரைந்தால் வீரர் பொம்மையாகிவிடுவார். சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையைக் கண்டோர், பாறையை நெம்பும் அந்நால்வரின் தோளையும் இடுப்பையும் நினைவுகூரலாம்.

நடமாட முடிந்தவர்கள் வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குச் சென்று வருவது நலம். விசயநகரக் காலத்துத் தூண்களில் குதிரைகள் பின்னங்காலில் எழும்பி நிற்கின்றன, வீரர் மேலமர்ந்துள்ளனர். ஓடும் குதிரையை வரைவதில் ஐரோப்பிய ஓவியர்கள் நெடுங்காலம் தவறினர். முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னும் நீண்டு அந்தரத்தில் பறப்பதாகத் தீட்டினர். 1878இல் எட்வர்டு மைபிரிட்ஜ் அடுத்தடுத்து எடுத்த ஒளிப்படங்களே, நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது அவை வயிற்றின் கீழ் மடங்கும்போதுதான் என்று காட்டின. நம் சிற்பியோ ஓட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் பாய்வதற்கு முந்தைய கணத்தை எடுத்துக்கொண்டார். அடுத்து நிகழ்வதைப் பார்ப்பவரின் கண்ணே நிறைவு செய்துகொள்ளும். பந்து மட்டையில் படுமுன், கால் தரையை விடுமுன் என்று கணத்தைத் தேர்ந்துகொள்வது தொடக்க நிலையினருக்கும் எளிது.

வீரர் என்றால் குறையற்ற உடல் என்று எண்ணுவோர் மாரியப்பன் தங்கவேலுவை வரைந்து பார்க்க வேண்டுகிறோம். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த அவருக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. உயரம் தாண்டுதலில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரிசில் வெண்கலமும் வென்றார். இரண்டு கால்களையும் ஒன்றுபோல் வரைந்தால் அது அவர் ஆகாது. கால் இழந்து எங்களிடம் சிகிச்சை பெறும் சிலர் தம்மை வரையும்போது போர்வையால் மூடியே வரைகின்றனர். அதை நாங்கள் திருத்துவதில்லை.

இனி, குடும்பத்தினர் தவறாமல் அறிய வேண்டிய ஒன்று. மூளையின் வலப்பக்கம் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்குப் பார்வை இருந்தும் இடப்பக்க உலகின் மீது கவனம் செல்லாமல் போகும். அவர் வரையும் காரில் வலப்பக்கச் சக்கரம் ஆரங்களோடு முழுமையாக இருக்கும். இடப்பக்கச் சக்கரம் இருக்கவே இராது. அவரோ வரைந்து முடித்துவிட்டதாகவே சொல்வார். அவரே இலையின் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு, இன்னும் வை என்று கேட்பார். இடப்பக்கம் நின்று பேசும் மகளுக்கு விடை சொல்லார். இதைச் சோம்பல் என்றும், வீம்பு என்றும், பாசம் அற்றுப்போயிற்று என்றும் குடும்பத்தார் கொள்கின்றனர். அந்த மனக்கசப்பு நோயைவிட நீண்டு நிற்பதைக் கண்டிருக்கிறோம். அரைச் சக்கரக் கார் நகைப்புக்குரியதன்று. மருத்துவரிடம் காட்ட வேண்டிய தாள். தாளின் இடது ஓரத்தில் சிவப்புப் பட்டு நூல் ஒன்றை ஒட்டிவிட்டு, "முதலில் சிவப்பைத் தேடுங்கள், அங்கிருந்து தொடங்குங்கள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். கண் மெல்ல மெல்ல அப்பக்கம் செல்லப் பழகும்.

பார்க்கின்சன் நோயருக்கு வேறொரு சிக்கல். கோடு போகப் போகச் சிறுத்துவிடும். ஐந்தாவது சக்கரம் கடுகளவாகிவிடும். அவர்களுக்குப் பெரிய தாளும், தொடவேண்டிய எல்லையை முன்பே குறித்த இரு இணைகோடுகளும் உதவும். பேச்சிழந்தோருள் சிலருக்கு, வரைந்து காட்டுவதே வேண்டியதைச் சொல்லும் வழியாகவும் அமைவதுண்டு.

வரைவதால் பக்கவாதம் குணமாகும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டா. இயன்முறை மருத்துவர் தரும் பயிற்சிக்கு இது மாற்றன்று. விருப்பமான ஒரு வேலையைக் கை திரும்பத் திரும்பச் செய்கிறது. அதன் பயன் அதற்குண்டு. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாயிருக்கும். அதன் பின்னும் அது முற்றிலும் நின்றுவிடுவதில்லை.

உடனிருப்போர் பென்சிலை வாங்கித் தாமே திருத்தி வரைதல் கூடாது. எத்துணை அன்போடு செய்தாலும், "உன்னால் ஆகாது" என்றே அது நோயருக்குப் படும். பிடிக்க முடியாத மெல்லிய பென்சிலுக்குத் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். தாள் நகராமல் அட்டையில் ஒட்டி, மடியில் தலையணை வைத்துச் சாய்த்துக் கொடுங்கள். 15 நிமிடம் போதும். களைத்த கை தவறாகவே வரையும். டயாலிசிஸ் நடக்கும்போது ஃபிஸ்டுலா உள்ள கை அசையக்கூடாது; மற்றக் கையால் மட்டும் வரையலாம். கீமோதெரபியில் இருக்கும் பிள்ளைகளுக்குப் புதிய பென்சில்களைத் தனியே வைத்திருங்கள். பக்கத்துப் படுக்கையோடு பகிர வேண்டா. மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்குக் கரித்துண்டும் தூளாகும் சுண்ணமும் ஆகா. பென்சில் முனையில் காரீயம் உள்ளது என்ற அச்சம் வேண்டியதில்லை; அது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது.

வரைந்துகொண்டிருக்கும் கையிலிருந்து பென்சில் திடீரென நழுவி விழுந்து, வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ சிறிதும் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும்.

கிழிந்ததும் கோணலானதுமான தாள்களை எறிந்துவிடாமல் மருந்துச் சீட்டோடு சேர்த்து வைத்து, அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது கொண்டு வாருங்கள். நன்றாக வந்தவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டா, எல்லாம் வேண்டும். தாளின் பின்புறம் நாளையும், எந்தக் கையால் வரைந்தது என்பதையும் குறித்திருங்கள்.