இடியன் துவக்கு

சில பொருள்களின் இலக்கணம் அவற்றின் பெயரிலேயே அடங்கியிருப்பதுண்டு. ஈழத்துத் தமிழர் 'இடியன்' என வழங்கும் பழைய துவக்கு அத்தகையது. வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டு, நீண்ட கோலினால் இடித்துக் கெட்டிப்பதனாலே அதற்கு அப்பெயர் பொருந்தலாயிற்று. துவக்கு என்னும் சொல்லோ கடல் கடந்து வந்தது. தமிழகத்தார் கூறும் துப்பாக்கியும், ஈழத்தார் கூறும் துவக்கும், சிங்களத்தார் கூறும் துவக்குவவும் ஒரே துருக்கிய மொழிச் சொல்லின் வழிவந்தவை.

இக்கருவி வந்த வழியை அறிய உடுவில் போன்ற ஓர் ஊரின் வரலாறே போதும். போர்த்துக்கீசர் 1560 இல் யாழ்ப்பாணத்தின்மீது முதற் பெரும்படையெடுப்பை நடத்தினர்; 1619 இல் சங்கிலி மன்னனைச் சிறைப்பிடித்து அரசைக் கைக்கொண்டனர். அக்காலத்துப் படைவீரர் ஏந்தியது புகைந்துகொண்டிருக்கும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் வாய்வழித் துவக்கேயாகும். 1658 இல் நீண்ட முற்றுகையின்பின் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்தக் குருவாகிய பல்தேயுஸ் 1672 இல் வெளியிட்ட நூலிற் கூறும் தேவாலயங்களுள் உடுவிற் கோயிலும் ஒன்று. 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். 1820 இல் அமெரிக்க மிசன் உடுவிலில் நிலையம் அமைத்து, 1824 இல் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது. கொடிகள் மாறின, ஆனால் அந்த மூன்று நூற்றாண்டுகளிலும் அரசுகளை மாற்றிய துவக்கு பெரும்பாலும் வாய்வழியே மருந்திடும் துவக்காகவே இருந்தது.

அதன் உணவு கருமருந்து. முக்காற் பங்கு வெடியுப்பு, எஞ்சிய காற்பங்கிலே கரியும் கந்தகமும். இதுவே அதன் பொதுக் கலவை. கரி எரிபொருள், வெடியுப்பு எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தருவது, கந்தகம் விரைவிற் பற்றச் செய்வது. இந்நாட்டார் இதனை வெளியிலிருந்து வாங்கியே வாழ்ந்தாரல்லர். கண்டி நாட்டுக் குகைகளிலே வௌவால் எச்சம் ஊறிய மண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கப்பட்டதை யோன் டேவி 1821 இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார்.

மருந்தேற்றும் முறை ஓர் ஒழுங்கு. முதலிற் குழல் வெறுமையாக உள்ளதா என்று நோக்குதல் வேண்டும். அடுத்து மருந்தை ஒரு சிறு அளவைக் குழலிற் பெய்து, அதிலிருந்தே துவக்கின் வாயில் இடுதல் வேண்டும். மருந்துக் கொம்பை நேரே குழல்வாயிற் கவிழ்த்தல் ஆகாது. முந்திய வெடியின் கனல் ஒரு துளி உள்ளே இருப்பினும், கையிலுள்ள மருந்து முழுவதும் வெடித்துவிடும். பின்னர் துணியோ காகிதமோ தென்னந்தும்போ அடைப்பாக வைத்து, குண்டு அல்லது சன்னத்தை இட்டு, இடிகோலால் இறுகத் தள்ளுதல் வேண்டும். குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெளி விடப்பட்டால் குழலே பிளந்துவிடக் கூடும். இக்காலத்துப் புகையில்லா மருந்தை இதிலிடுதல் தற்கொலைக்கு ஒப்பாகும். அதன் அழுத்தத்தைப் பழைய இரும்பு தாங்காது.

எல்லாவற்றுக்கும் இறுதியிலேதான் தீமூட்டும் உறுப்பு ஆயத்தமாக்கப்படும். திரிக்குப் பின் தீக்கல் வந்தது. 1807 இல் ஸ்கொத்லாந்துக் குருவாகிய அலெக்சாந்தர் போர்சைத், அடித்த மாத்திரத்திற் பற்றும் இரசாயனப் பொருளைத் துவக்குக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றார். அதிலிருந்து சிறு செப்புத் தொப்பி தோன்றியது. குதிரை தொப்பியை அடிக்க, தீப்பொறி துளைவழியே மருந்தை அடையும். சிலவேளை தொப்பி வெடித்தும் துவக்கு வெடியாது. சிறிது தாமதித்துத் திடீரென வெடிப்பதும் உண்டு. ஆதலால் வெடியாத துவக்கின் வாயை ஆளில்லாத் திசையிலேயே நிறுத்திப் பொறுத்திருத்தல் பண்டையோர் கைக்கொண்ட விதி.

சாமுவேல் கோல்ட் 1836 இல் அமெரிக்காவில் உரிமை பெற்ற சுழல் துப்பாக்கியும் தொடக்கத்தில் இம்முறைக்கு உட்பட்டதே. சுழலும் உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்புறத்தால் மருந்தும் குண்டும் இட்டு, பின்புறத்தில் தொப்பி பொருத்தினர். ஓரறையின் தீ அயலறைக்குத் தாவினால் பல அறைகள் ஒருங்கே வெடிக்கும். அதனைத் தடுக்கவே இறுக்கமான குண்டையும், அதன்மேற் கொழுப்புப் பூச்சையும் கையாண்டனர்.

இவ்வளவு ஒழுங்கும் ஏன்? இடியன் தன் வயிற்றில் உள்ளதை வெளியே காட்டாது என்பதே காரணம். பின்புறம் திறக்கும் துவக்கை மடித்துப் பார்த்தால் தோட்டா உண்டா இல்லையா என்பது தெரியும். இடியனிலோ இடிகோல்தான் சாட்சி. வெறுங்குழலில் கோல் எவ்வளவு இறங்கும் என்பதற்கு ஓர் அடையாளம் இட்டுவைப்பர். அவ்வடையாளம் வாய்க்கு வெளியே நின்றால் உள்ளே ஏதோ இருக்கின்றது என்பது பொருள். பயிற்சி பெற்ற படைவீரரும் இதிலே தவறினர். 1863 இல் அமெரிக்காவின் கெற்றிஸ்பேர்க் போர்க்களத்திற் பொறுக்கப்பட்ட 27,000க்கு மேற்பட்ட துவக்குகளில் ஏறத்தாழ 24,000 மருந்தேற்றிய நிலையிற் கிடந்தன எனவும், அவற்றுட் பாதியளவில் இரண்டு முறை மருந்து ஏற்றப்பட்டிருந்தது எனவும் பதிவாகியுள்ளது. முதல் வெடி வெடியாததை அமளியில் உணராது, மேலும் மேலும் ஏற்றினர் போலும்.

இவ்வொழுங்கின் ஒரு படி பாரத நாட்டின் வரலாற்றையே அசைத்தது. என்பீல்ட் துவக்குக்கு மருந்தும் குண்டும் ஒரே காகிதச் சுருளில் வந்தன. ஒரு கையில் துவக்கு இருத்தலால், சிப்பாய் அச்சுருளைப் பல்லாற் கடித்துக் கிழித்தான். குண்டு எளிதிற் குழலில் இறங்கச் சுருளிற் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. அது பசுவினதும் பன்றியினதும் கொழுப்பென்னும் பேச்சு 1857 சனவரியில் டம்டம் பாசறையில் எழுந்தது. கையாற் கிழிக்கலாம் என்று விதி திருத்தப்பட்டும் ஐயம் தீரவில்லை. ஏப்பிரல் 24 இல் மீரத்து நகரில் 85 பேர் சுருளைத் தொட மறுத்தனர். மே 10 இல் கிளர்ச்சி மூண்டது. மனக்குறைகள் பல முன்னரே திரண்டிருந்தன. சுருள் அவற்றுக்குத் தீப்பொறியாயிற்று.

சுட்டபின்னரும் வேலை முடிவதில்லை. கருமருந்தின் நிறையிற் பாதிக்கு மேற்பட்டது வாயுவாகாது உப்புப் பொருளாக எஞ்சும். ஒரு பகுதி புகையாய்ப் போக, மறுபகுதி குழலில் ஒட்டிக்கொள்ளும். அது காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். கடலும் களப்பும் சூழ்ந்த குடாநாட்டில் இவ்வரிப்பு இன்னும் விரைவானது. ஆதலின் அன்றைக்கே வெந்நீராற் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூசுதல் வேண்டும். இந்த உப்பை நீர்தான் கரைக்கும். எண்ணெயை மாத்திரம் பூசினால் அழுக்கு அதன் கீழிருந்து தின்னும்.

ஒழுங்கை முற்றாகத் துறந்த உருவம் ஒன்றும் இந்நாட்டில் உண்டு. அதுவே கட்டுத்துவக்கு. பன்றியும் மானும் நடக்கும் தடத்தில் துவக்கைக் கட்டி, விசையிலிருந்து கம்பியோ கயிறோ இழுத்து வைப்பர். கண்டு குறிபார்ப்பவன் அங்கே இல்லை. காலில் இடறுவது விலங்கா மனிதனா என்று துவக்கு அறியாது. விறகுக்கும் தேனுக்கும் காடு சென்றவர், வயலுக்கு நடந்தவர் எனப் பலர் இதனாற் கால் இழந்தனர். சிலர் உயிரும் இழந்தனர். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும்.

பழைய நாற்சார் வீட்டின் பரணிலோ, இடிபாட்டின் அடியிலோ, துருப்பிடித்த இடியன் ஒன்று அகப்பட்டால் செய்யத்தக்கது யாது? அது பழையதாதலால் செத்தது என்று எண்ணுதல் பெரும்பிழை. ஈரம் புகாத கருமருந்து தன் ஆற்றலை எளிதில் இழப்பதில்லை. நியூயோர்க் நகரப் பூங்காவொன்றின் பழம்பொருளான பீரங்கியை 2013 இல் துப்புரவு செய்தபோது, உள்ளே குண்டும் ஏறத்தாழ 800 கிராம் மருந்தும் இருக்கக் கண்டனர். அது 1780 இல் மூழ்கிய ஒரு கப்பலுக்குரியது எனக் கருதப்படுவது. அதுவரை அதனருகே நின்றவர் எவரும் இதனை அறிந்திலர்.

2009 இல் முடிந்த போரின்பின் கண்ணிவெடிகளைக் குறித்துக் குடாநாட்டு மக்கள் கற்ற பாடமே இதற்கும் பொருந்தும். தொடாதிருத்தல், துருவைச் சுரண்டாதிருத்தல், குதிரையை இழுத்துப் பாராதிருத்தல், சிறுவரை விலக்கிப் பொலிசாருக்கு அறிவித்தல். கோல்கொண்டு சோதித்தலும் அதனை அறிந்தவர் செய்ய வேண்டிய வேலை. இடித்து வைத்தவன் மறைந்து நூறாண்டு ஆகியிருக்கலாம். அவன் இடித்து வைத்தது இன்னும் உள்ளே காத்திருக்கலாம்.