அப்பாவோடு லெதர் ஃபேருக்கு: நந்தம்பாக்கம் கிளம்பறதுக்கு முன்னாடி

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிப்புக்காகக் கொஞ்சம் திருத்தியது.)

போன வாரம் வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ்ல இருந்தே இன்னைக்கு ஆரம்பிக்கிறேன்.

அனுப்பினவங்க சென்னையில ஐடி வேலை பார்க்கிறாங்க. சொந்த ஊர் ஆம்பூர். அவங்க அப்பா அங்க பதினெட்டு தையல் மெஷின் வச்சு ஷூ அப்பர் தைச்சுக் கொடுக்கிறார். ஜாப் ஒர்க்தான். தோலும் நூலும் கம்பெனி கொடுக்கும், இவர் தைச்சு அனுப்புவார். பல வருஷமா ஒரே கம்பெனி. 2025 ஆகஸ்ட் 27-ல இருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குல பெரும்பாலானதுக்கு 50 சதவீத வரி போட்டுச்சு இல்லையா, அதுக்கப்புறம் அந்தக் கம்பெனியோட ஆர்டர் பாதியாயிடுச்சு. அப்பா யாரையும் வேலையை விட்டு அனுப்பல. ஆனா எத்தனை மாசம் இப்படி ஓட்ட முடியும்னு வீட்ல யாருக்கும் தெரியல.

அவங்க கேள்வி இதுதான். "நந்தம்பாக்கத்துல லெதர் ஃபேர் நடக்குமே, அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா? அவர், அதெல்லாம் முதலாளிங்க வர்ற இடம், நமக்கு அங்க என்ன வேலைன்னு சொல்றார். போனா என்னதான் பண்றது?"

போகலாம். ஆனா சும்மா சுத்திப் பார்க்கப் போனீங்கன்னா, சாயங்காலம் கால் வலியும் ரெண்டு பை நிறைய கேட்டலாகும்தான் மிச்சம். அப்பா "நான் அப்பவே சொன்னேன்ல"ம்பார்.

முதல்ல இது என்ன நிகழ்ச்சின்னு பார்த்துடலாம். முழுப் பேர் இந்திய சர்வதேச லெதர் ஃபேர். சுருக்கமா ஐஐஎல்எஃப். மத்திய அரசோட ஐடிபிஓ நடத்துது. தோல் ஏற்றுமதிக் கவுன்சில், அடையாறுல இருக்கிற சிஎல்ஆர்ஐ, தொழில் சங்கங்கள் எல்லாம் கூட நிக்கும். சென்னை டிரேட் சென்டர்ல, ஜனவரி கடைசி பிப்ரவரி ஆரம்பம் வாக்கில, வழக்கமா மூணு நாள். தேதியை மட்டும் ஐடிபிஓ அறிவிப்புல பார்த்து உறுதி பண்ணிக்குங்க. தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி குடும்பத்தோட போய் பர்ஸும் ஜாக்கெட்டும் வாங்கற இடம் இல்ல இது. தொழில்காரங்க தொழில்காரங்களைப் பார்க்கிற இடம். முன்கூட்டியே ஆன்லைன்ல பதிவு பண்ணணும், அதுல கம்பெனி பேர் கேட்பாங்க. உங்க ஐடி கம்பெனி பேரைப் போடாதீங்க, அப்பா யூனிட் பேரைப் போடுங்க.

வேற துறையில இதே மாதிரி பெருசா நடக்கிறதுன்னா, ஜெர்மனியில ஹனோவர்ல லாரி, பஸ், டிரெய்லருக்குன்னு ஒரு கண்காட்சி உண்டு. ஐஏஏ டிரான்ஸ்போர்டேஷன். ரெட்டைப்படை வருஷம் செப்டம்பர்ல நடக்கும். அங்க சரக்கு கண்ணு முன்னாடி மலை மாதிரி நிக்கும். கேபின்ல ஏறி உட்காரலாம். தோல் கண்காட்சியில அப்படி இல்ல. ஹால் முழுக்க கையகலத் தோல் துண்டுகள், சோல், பக்கிள், ரசாயன டின், நடுவுல இத்தாலி, சீனா, தைவான் மெஷின்கள். எதைத் தேடி வந்தோம்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு மணி நேரத்துல எல்லா ஸ்டாலும் ஒண்ணாத்தான் தெரியும்.

அதனால வீட்லயே ஒரு வேலை இருக்கு. ஒரு தாள்ல ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க: நாம யாரைத் தேடிப் போறோம்? "புது வாடிக்கையாளர்"னு எழுதினா அது பதில் இல்ல. வெளிநாட்டு பையர் பதினெட்டு மெஷின் யூனிட்டுக்கு நேரா ஆர்டர் கொடுக்க மாட்டார், அதை நினைச்சு ஏங்க வேண்டாம். அப்பா தேட வேண்டியது, சொந்தத் தையல் லைன்ல இடம் போதாம சீசன்ல வெளியில க்ளோசிங் கொடுக்கிற நடுத்தர ஏற்றுமதிக் கம்பெனி. அதுலயும் அமெரிக்காவை மட்டும் நம்பாத கம்பெனி. ஐரோப்பாவுக்கு அனுப்பறவங்க, பிரிட்டனுக்கு அனுப்பறவங்க. பிரிட்டனோட 2025 ஜூலை 24-ல வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் நம்பிக்கையோட இருக்கிற கம்பெனிகள் உண்டு. உள்நாட்டு பிராண்டுக்குச் செய்யறவங்களையும் விட்டுடாதீங்க.

கண்காட்சிக்கு முன்னாடியே ஸ்டால் போடறவங்க பட்டியல் வெளியாகும். அதுல இருந்து பன்னிரண்டு பேரை எடுங்க. ஐம்பது வேண்டாம். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம்னு நம்ம பக்கத்துக் கம்பெனிகளே நிறைய இருக்கும். "இவங்களைப் பார்க்க எதுக்கு சென்னைக்குப் போகணும், பைக்ல அரை மணி நேரம்"னு தோணும். நியாயமான கேள்வி. ஆனா ஊர்ல அந்தக் கம்பெனி கேட்ல வாட்ச்மேனைத் தாண்டவே ஒரு மாசம் ஆகும். ஸ்டால்ல புரொடக்ஷன் பார்க்கிறவரும் முதலாளி மகனும் பேச்சுக்கு ஆள் கிடைக்குமான்னு உட்கார்ந்திருப்பாங்க. அப்பா சொன்ன "முதலாளிங்க வர்ற இடம்"ங்கிறது உண்மைதான். போறதுக்குக் காரணமும் அதேதான்.

கையில என்ன எடுத்துட்டுப் போறது? ரெண்டு அப்பர். ஒண்ணு தினசரி ஓடற சாதாரண மாடல், இன்னொண்ணு அப்பா தைச்சதிலேயே கஷ்டமானது. ரெண்டுமே தைச்சது, ஒட்டினது, மடிச்சது எல்லாம் உள்பக்கமும் தெரியற மாதிரி இருக்கணும். அனுபவசாலி கையில வாங்கினதும் முதல்ல திருப்பி உள்ளதான் பார்ப்பார். ஒரு எச்சரிக்கை: இப்ப ஆர்டர் கொடுக்கிற கம்பெனியோட டிசைனை அவங்களைக் கேட்காம எடுத்துட்டுப் போய் காட்டாதீங்க. பழைய டிசைன், இல்லைன்னா நீங்களே தோல் வாங்கித் தைச்சது. ஊர் சின்னது, பேச்சு சாயங்காலத்துக்குள்ள திரும்பி வந்துடும்.

அப்புறம் விசிட்டிங் கார்டு. கூடவே ஒரு பக்கத் தாள்: எத்தனை மெஷின், எந்த வகை, ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி, ஜிஎஸ்டி, உத்யம் பதிவு எண். ஜோடிக் கணக்கை உண்மையா எழுதுங்க. 200 ஜோடி தைக்கிற இடத்துல 400-ன்னு போட்டா முதல் ஆர்டரே கடைசி ஆர்டர் ஆயிடும்.

உத்யம் பதிவு இல்லைன்னா உடனே பண்ணுங்க, ஆன்லைன்ல இலவசம். இது வெறும் சர்டிஃபிகேட் இல்ல. 2006-ம் வருஷத்து சிறு குறு நிறுவனச் சட்டப்படி, பதிவு பண்ண சின்ன யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்ல பணம் தரணும். ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தாமதமானா வட்டி. 2024 ஏப்ரல்ல இருந்து வருமான வரியிலயும் ஒரு பிடி வந்திருக்கு: கெடு தாண்டிக் கொடுத்தா, அந்தத் தொகையைக் கொடுத்த வருஷத்துலதான் செலவாக் காட்ட முடியும். ஜாப் ஒர்க் பண்றவங்க பல பேர் பணத்தைப் பத்திக் கேட்க கூச்சப்படறாங்க. மூணு கேள்வி கேட்டே ஆகணும். பணம் எத்தனை நாள்ல? ரிஜெக்ட் ஆனா நஷ்டம் யார் தலையில? தோல்லயே குறை இருந்து ரிஜெக்ட் ஆனா? அந்த மூணாவது கேள்வியிலதான் நிறைய யூனிட் காசு போகுது.

ஏன்னு கொஞ்சம் விளக்கறேன். தோல் துணி மாதிரி ஒரே சீரா இருக்காது. உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளுக் கீறல், கழுத்துச் சுருக்கம் எல்லாம் மாட்டோட வாழ்க்கை. முதுகுப் பக்கம் கெட்டி, வயித்துப் பக்கம் தொளதொளன்னு இருக்கும். விலையைச் சதுர அடியில பேசுவாங்க, ஆனா நிஜக் கணக்கு, ஒரு தோல்ல எத்தனை நல்ல துண்டு வெட்ட முடியும்ங்கிறதுதான். அடிக்குப் பத்து ரூபா கம்மின்னு வாங்கின தோல் வெட்டு மேஜையில விலை கூடிடும். மேல்பக்கம் உள்ள வர்ற மாதிரி மடிச்சா பெரிய சுருக்கம் விழுதா, வெள்ளைத் துணியால தேய்ச்சா சாயம் ஒட்டுதா, இப்படி கட்டைவிரல்லயே பாதி விஷயம் தெரிஞ்சுடும். இதையெல்லாம் யூடியூப் பார்த்துட்டு அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிடாதீங்க. (சிரிப்பு) அந்த வேலை அவரோடது. கார்டு வாங்கறது, மெயில் எழுதறது, இங்கிலீஷ்லயோ ஹிந்தியிலயோ பேச வேண்டியிருந்தா பேசறது உங்களோடது. அவர் பேசும்போது குறுக்க விழுந்து மொழிபெயர்க்காதீங்க. இந்தத் தொழில்ல தமிழும் உருதும் தெரிஞ்சவங்க எல்லா ஹால்லயும் இருப்பாங்க.

மெஷின் ஹால்ல மட்டும் ஜாக்கிரதை. கம்ப்யூட்டர் தையல் மெஷின் நாலு நிமிஷத்துல பூ வேலை பண்ணும், "ஃபேர் முடியற வரைக்கும்தான் இந்த விலை"ம்பாங்க. ஆர்டர் குறைஞ்சு கிடக்கிற நேரத்துல புது மெஷின் ஒரு மருந்து மாதிரி தெரியும். அங்கேயே அட்வான்ஸ் கொடுக்காதீங்க. சர்வீஸ் ஆள் ஆம்பூர்ல இருக்காரா, ஊசியும் உதிரி பாகமும் எங்க கிடைக்கும், இதே மெஷின் நம்ம பக்கத்துல யார்கிட்ட ஓடுதுன்னு கேளுங்க. ஓடற இடத்துக்கு அடுத்த வாரம் போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு. ஹால்ல ஏசி, கார்ப்பெட், வாசனை எல்லாம் நல்லா இருக்கும். ஆனா பேச்சுல பாலாறு வராம இருக்காது. 1996 ஆகஸ்ட் 28-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குல உச்ச நீதிமன்றம், கெடுத்தவர்தான் ஈடு கொடுக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. 2015 ஜனவரி 31-ல ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்து டேனரியில தூங்கிக்கிட்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தாங்க. 2025 ஜனவரி 30-ல உச்ச நீதிமன்றம் திரும்பவும் பாலாறு விஷயத்துல தீர்ப்பு கொடுத்து, பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு கொடுத்து அதைக் கெடுத்தவங்ககிட்ட வசூலிக்கச் சொல்லுச்சு. தைக்கிற யூனிட்டுக்கு இதுல என்னன்னு கேட்கலாம். ஐரோப்பாவுக்குப் போற தோல் பொருள்ல, உடம்புல படற இடத்துல குரோமியம் 6 கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2015 மே-ல இருந்து விதி. டெஸ்ட்ல விழுந்தா ஆர்டரே நிக்கும், தைச்ச கூலியும் இழுபறியாகும். அதனால தோல் எந்த டேனரியில இருந்து வருது, டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கான்னு அப்பா கேட்கலாம். ஜாப் ஒர்க்காரர் இதைக் கேட்டா எதிர்ல இருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

எந்த நாள் போறது? என்னைக் கேட்டா ரெண்டாவது நாள். முதல் நாள் காலை திறப்பு விழா, வி.ஐ.பி. கூட்டம், யாரும் ஸ்டால்ல நிதானமா இருக்க மாட்டாங்க. கடைசி நாள் மதியம் பாதிப் பேர் பெட்டி கட்ட ஆரம்பிச்சிடுவாங்க. போனதும் ஹால் வரைபடத்துல உங்க பன்னிரண்டு பேரையும் வட்டம் போடுங்க. காலையில ஆறு, சாப்பாட்டுக்கு அப்புறம் ஆறு. ஒவ்வொரு ஸ்டால்ல இருந்து வெளிய வந்ததும் கார்டு பின்னாடி ரெண்டு வரி எழுதுங்க, இல்லைன்னா நாலாவது ஸ்டால்ல முதல் ஸ்டால் மறந்துடும். கேட்காம போட்டோ எடுக்காதீங்க. டிசைன் திருடறதா நினைப்பாங்க.

வழி: பஸ்ல வந்தா கோயம்பேடு வரைக்கும் போய்த் திரும்பி வராதீங்க. பெங்களூர் ரோட்ல வர்ற பஸ்ல பூந்தமல்லியில இறங்கி, போரூர் வழியா கிண்டி போற பஸ் பிடிச்சா நந்தம்பாக்கத்துலயே இறங்கலாம். அந்த ரோட்ல மெட்ரோ வேலையால நெரிசல் இருந்தது, நேரத்தைக் கூட்டியே வச்சுக்குங்க. நான் ரயிலைத்தான் சொல்வேன். ஜோலார்பேட்டையில இருந்து வர்ற ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல காலையில ஆம்பூர்ல ஏறினா சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவுல ஆலந்தூர், அப்புறம் ஒரு ஆட்டோ. அப்பா தனியா வந்தார்னா நீங்க ஆலந்தூர்ல நின்னு கூட்டிட்டுப் போகலாம்.

திரும்பற ரயில்ல நீங்களும் அவரோட ஏறுங்க, மறுநாள் லீவு போட்டாவது. சாயங்காலம் சென்ட்ரல்ல இருந்து கிளம்பினா ஆம்பூர் வர்ற வரைக்கும் நேரம் இருக்கு. கார்டுகளை மடியில பரப்பி மூணாப் பிரிங்க: நாளைக்கே போன் பண்ண வேண்டியவங்க, சாம்பிள் தைச்சு அனுப்ப வேண்டியவங்க, சும்மா வாங்கி வச்சவங்க. முதல் கட்டுல மூணு பேர் இருந்தாலே நல்ல நாள். அவங்களுக்கு ரயில்லயே வாட்ஸ்அப் போயிடட்டும், அப்பா பேர்ல, அந்த அப்பரோட போட்டோவோட. அம்பது ஜோடி ட்ரையல் கொடுங்கன்னு மட்டும் கேளுங்க.